ஐந்து வவுச்சர்களுக்கு ஒரு கையெழுத்து

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று எங்கள் கந்தோரில் எல்லோருக்கும் தெரியும். சம்பளப் பகுதியில் என்னைப் போல இத்தனை வருடம் குந்தியிருந்தால் யாருக்கும் அது வரும். மாதக் கடைசியில் என் மேசைக்கு முன்னால் வந்து நிற்பவர்களில் நன்றி சொல்ல வந்தவரை நான் கண்டதில்லை. ஏன் வெட்டினீங்கள், எவ்வளவு வெட்டினீங்கள், போன மாதம் வெட்டாததை இந்த மாதம் ஏன் வெட்டினீங்கள், இவைதான் கேள்விகள். வரியை நானே வீட்டில் வைத்துக் கண்டுபிடித்தேன் என்ற மாதிரித்தான் பார்ப்பார்கள்.

திருகோணமலை உட்துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது எங்கள் கம்பனி. குடாவில் நங்கூரம் போடும் கப்பல்களுக்குத் தண்ணீர், மரக்கறி, இறைச்சி, எஞ்சின் சாமான் எல்லாம் லோஞ்ச் என்கிற மோட்டர் படகில் கொண்டுபோய்க் கொடுப்பது, கப்பல் ஆட்களை ஏற்றி இறக்குவது, இதுதான் தொழில். வருட முடிவில் எல்லோருக்கும் ஓர் அன்பளிப்பு உண்டு. தீபாவளி, பெருநாள், நத்தார், புதுவருடம் என்று ஆளுக்கொரு நாள் பார்த்துக் கொடுத்தால் சண்டைதான் வரும் என்று, மார்கழியில் எல்லோருக்கும் ஒன்றாகக் கொடுத்துவிடுவார்கள். ஒரு கேக் பெட்டி, ஒரு துவாய், ஒரு கலண்டர். அதற்கு ஒரு நாளும் நான் வரிக் கணக்குப் பார்த்ததில்லை. எல்லோருக்கும் ஒரே மாதிரி, சின்னதாக, ஆளுக்கு இவ்வளவு என்று பிரித்து எழுதுவதே வீண் வேலை என்கிற வகைச் சாமானைச் சட்டமே கண்டுகொள்ளாமல் விடுகிறது.

போன மார்கழியில் கொழும்புத் தலைமைக் கந்தோருக்கு ஒரு யோசனை வந்தது. கேக் வேண்டாம், சுப்பர்மார்க்கட் வவுச்சர் கொடுப்போம் என்றார்கள். நல்ல பெறுமதியான வவுச்சர்தான், அதைக் குறை சொல்லக் கூடாது. ஆனால் வவுச்சர் காசு மாதிரி. யாருக்கு எவ்வளவு என்று அதன் முகத்திலேயே எழுதியிருக்கிறது. ஆகவே அந்த மாதச் சம்பளத்தோடு அதைக் கூட்ட வேண்டும், கூட்டிய தொகை எல்லையைத் தாண்டினால் வரி வெட்ட வேண்டும். நான் இதைச் சொன்னபோது கந்தோரே கொதித்தது.

"தாறதையும் தந்து அதிலயும் பிடுங்கிறதோ? கண்டறியாத சட்டம்," என்றார் வாசலில் நிற்கும் காவலாளி. அவருடைய சம்பளத்துக்கு ஏழு வவுச்சர் கொடுத்தாலும் வரி வராது. இருந்தாலும் அவருக்குத்தான் கோபம் கூட.

எனக்கு அந்தச் சட்டத்தில் கோபம் இல்லை. வேலை செய்கிறபடியால் கிடைப்பது எல்லாம் சம்பளம்தான், அது காசாக வந்தால் என்ன, கடுதாசியாக வந்தால் என்ன. இல்லையென்றால் மேலே இருக்கிற பெரியவர்கள் தங்கள் சம்பளத்தை முழுக்கக் காராகவும் வவுச்சராகவும் எடுத்துக்கொண்டு கையை விரித்துவிடுவார்கள். இதை நான் தேத்தண்ணீர் நேரத்தில் நாலு தடவை விளங்கப்படுத்தினேன். ஒருவரும் கேட்கவில்லை, நான்தான் தொண்டை நோக இருந்தேன்.

இப்போது லோஞ்சைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதை ஓட்டுகிறவரைத் துறைமுகத்தில் தண்டயல் என்பார்கள். எங்கள் தண்டயல் கிண்ணியாக்காரர், ஐம்பதைத் தாண்டியவர், நான் அவரை அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுவேன். அலை அடிக்கிற நேரத்தில் மலை மாதிரி நிற்கும் கப்பலின் வயிற்றோடு லோஞ்சைச் சேர்த்து, முட்டாமல் மோதாமல் பிடித்து வைத்திருக்கத் துறைமுகத்தில் அவரை விட்டால் ஆள் இல்லை. கப்பல்காரர் தெரியாத பாஷையில் கத்துவார்கள், இவர் ஒரு கையைத் தூக்குவார், அவ்வளவுதான். சத்தம் போட்டு வேலை வாங்கியதை யாரும் கண்டதில்லை. சத்தம் போட்டே வேலை வாங்குகிற எனக்கு அது பெரிய ஆச்சரியம்.

லோஞ்சுக்கு ஒரு வழக்கம் உண்டு. மழைக்கோட்டு, டோர்ச் பட்டரி, சோற்றுப் பார்சல், எது கொடுத்தாலும் ஸ்டோரில் "லோஞ்ச் – 5" என்று ஒரே வரியில்தான் எழுதுவார்கள். தண்டயல், எஞ்சின்காரர், டெக்கில் மூன்று பேர், மொத்தம் ஐந்து. தண்டயல் ஒருவரே ஐந்து பேருக்கும் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு போவார். கப்பல் காத்திருக்காது, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும், ஒவ்வொருவராக ஏறி வந்து கையெழுத்து வைக்க நேரம் ஏது?

வவுச்சரும் அப்படித்தான் போனது. அன்றைக்கு ஒரு கப்பலில் ஆள் மாற்றுகிற வேலை. நானா மூச்சு வாங்க வந்தார், ஐந்து கடித உறைகளைச் சட்டைப் பைக்குள் வைத்தார், கையெழுத்தை இழுத்தார், போனார். நான் பிறகு பட்டியலைப் பார்த்துக் கணினியில் அடித்தேன். கணினி ஊழியர் இலக்கம் கேட்டது. கையெழுத்து யாருடையதோ அவருடைய இலக்கத்தைப் போட்டேன், எத்தனை என்று கேட்டது, ஐந்து என்று அடித்தேன். மழைக்கோட்டுக்கு வருடக் கணக்காக அப்படித்தான் அடித்து வந்தேன். மழைக்கோட்டுக்கு வரி இல்லை என்பது அந்த நேரம் என் மண்டையில் ஏறவில்லை. மார்கழிப் போனஸ், ஓவர்டைம் எல்லாம் கிடந்த அவதியில் அடித்தேன் என்று சாட்டுச் சொல்லலாம். சாட்டு வேண்டாம், பிழை முழுக்க என்னுடையது.

மாசி மாதம் ஒரு புதன்கிழமை நானா என் மேசைக்கு வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். மூத்த மகளுக்குப் பல்கலைக்கழகம் கிடைத்திருக்கிறது, கண்டிப் பக்கம், பொறியியல். கந்தோருக்கே அது சந்தோஷம், நானும் ஏற்கனவே அவர் கொண்டுவந்த பயத்தம் பணியாரம் சாப்பிட்டிருந்தேன். இப்போது அரசாங்க உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வேண்டுமாம், அதற்குத் தகப்பனுடைய போன வருட வருமானக் கடிதம் வேண்டும். வெள்ளிக்கிழமை பின்னேரத்துக்குள் கிராம சேவகர் ஜி.எஸ்.ஸிடம் கொடுக்காவிட்டால் கதை முடிந்தது. அந்தக் காசு இல்லாவிட்டால் மகளை விடுதியில் வைத்துப் படிப்பிக்க ஏலாது என்று அவர் சொல்லவில்லை. கீழே இன்னும் மூன்று பிள்ளைகள், உழைப்பு இவர் ஒருவருடையது. சொல்லாமலே எனக்குத் தெரியும்.

கடிதத்தை அடிக்கப் போனவள் மார்கழித் தொகையில் நின்றுவிட்டேன். பக்கத்தில் வரி என்று ஒரு வரி. இவருக்கு வரி வரவே வராது.

"நானா, மார்கழியில உங்களுக்கு ஏன் வரி வெட்டியிருக்கு?"

"நீங்கதானே மிஸ் வெட்டின." குற்றம் சொல்வது போல இல்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

தோண்டிப் பார்த்தேன். ஐந்து வவுச்சரும் அவர் பெயரில் கிடந்தன.

"நீங்கள் ஒண்டுதானே எடுத்தனீங்கள்?"

"ஓம். மத்தது நாலும் பொடியன்மாருக்குக் குடுத்துட்டன்."

"இதைப் பார்த்தனீங்களோ முந்தியே?"

"மார்கழியிலேயே பார்த்தன்."

"பார்த்திட்டு ஏன் வாயைத் திறக்கேல்ல?"

"சின்னக் காசு மிஸ். போகட்டும்."

போகட்டுமாம். விண்ணப்பப் படிவத்தை வாங்கி வருமான எல்லையைப் பார்த்தேன். அந்த ஐந்து வவுச்சரும் அவர் பெயரில் இருந்தால் அவருடைய வருட வருமானம் எல்லைக்கு வெளியே. மூன்றைக் கழித்தாலும் ஒரு மயிரிழை வெளியேதான். நாலும் போனால்தான் உள்ளே வரும். அதாவது நான் அடித்த ஒரு வரியால் அந்தப் பிள்ளையின் படிப்புக்குக் கல் விழப் போகிறது. இதை நான் சொன்னதும் அவர் சிரிப்பு நின்றது.

"அப்படியே அடிச்சுத் தாங்க மிஸ்," என்றார்.

"என்ன விசர்க்கதை கதைக்கிறீங்கள்? பிழை என்ர. நாலையும் நாலு பேரின்ர பேரில மாத்திப் போட்டால் சரி. பத்து நிமிச வேலை."

"நாலு பேர் இல்லயே மிஸ். மூணு பேருக்குத்தான் உங்கட்ட நம்பர் இரிக்கு. அஞ்சாவது ஆள எங்க போடுவீங்க?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. டெக்கில் நிற்கும் மூன்று பேரில் ஒருவர் கயிறுகாரர், இலங்கைத்துறை என்ற ஊர் ஆள், நாற்பது வயதிருக்கும். லோஞ்ச் கப்பலோடு சேர்கிற நேரம் கயிற்றோடு முதலில் பாய்கிறவர் அவர்தான். ஒன்பது வருடமாகப் பாய்கிறார். ஆனால் அவர் எங்கள் பட்டியலில் இல்லை. நாட்கூலி, லோஞ்ச் கட்டும் ஜெட்டியில் வைத்துக் கைக்காசு கொடுத்து அனுப்புவார்கள், என் மேசைக்கு அவருடைய பெயரே வராது. வவுச்சர் பற்றிய கொழும்புச் சுற்றுநிருபத்தின் கடைசி வரியில் "நிரந்தர ஊழியர்களுக்கு மட்டும்" என்று இருந்தது. ஸ்டோர்க்காரர் வழக்கம் போல "லோஞ்ச் – 5" என்று எண்ணிக்கை அனுப்ப, கொழும்பு வழக்கம் போல ஐந்தை அனுப்பிவிட்டது.

"இத எடுத்தா, யார் இந்த அஞ்சாவது ஆள் எண்டு கொழும்பு கேக்கும்," என்றார் நானா. "ஸ்டோரில நாட்கூலிக்கு நிண்ட ஆளுக்கு நடந்தது தெரியும்தானே. கொழும்பால கேள்வி வந்து அடுத்த நாள் அவன வேலையால நிப்பாட்டிட்டாங்க. இவனுக்கு ரெண்டு சின்னப் புள்ள. வவுச்சருக்கு அரிசியும் பால்மாவும் எடுத்துத் திண்டு முடிஞ்சு. மகளுக்கு நான் எப்படியும் பார்ப்பன்."

"எப்படிப் பார்ப்பீங்கள்?"

எனக்கு வந்த கோபத்தில் பேனையை மேசையில் எறிந்தேன். மற்றவனுக்காகத் தன் காசில் வரி கட்டிவிட்டு இரண்டு மாதம் மூச்சுக் காட்டாமல் இருந்த மனிதரிடம் என்ன சொல்லித் திட்டுவது? திட்டவும் செய்தேன். நல்லவராக இருக்கிறதுக்கும் ஓர் அளவு இருக்கிறது என்றேன், பெற்ற பிள்ளையை விற்றா ஊருக்கு உதவி செய்வது என்றேன். அந்தக் கடைசிச் சொல்லுக்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். அவர் ஃபைலை மூடி எடுத்துக்கொண்டு, "அவனுக்கு மட்டும் சொல்லிராதீங்க மிஸ்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிரவு எனக்கு நித்திரை இல்லை என்றெல்லாம் சொல்ல மாட்டேன், நன்றாகத்தான் நித்திரை கொண்டேன். ஆனால் எழும்பும்போதே தெளிவாக இருந்தது. அந்த ஐந்தாவது வவுச்சர் யாருடையது என்று தெரிந்த பிறகு அதை நானா பெயரில் வைத்துக் கடிதம் கொடுத்தால், அது பிழை இல்லை, பொய். என் கையெழுத்தில் பொய் போகாது.

வியாழன் காலை நேராக ஜெட்டிக்குப் போனேன். லோஞ்ச் கட்டிக் கிடந்தது, நானா தண்ணீர்ப் பவுசர் லொறியைப் பார்க்கப் போயிருந்தார். கயிறுகாரர் ஈரக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். சொல்ல வேண்டாம் என்று சொன்னதை எல்லாம் நான் சொன்னேன். வவுச்சர், வரி, மகளுடைய உதவித்தொகை, வெள்ளிக்கிழமை, கொழும்புக்குப் பெயர் போனால் அவருக்கு வரக்கூடிய வில்லங்கம், ஒன்றையும் மறைக்கவில்லை.

அவர் கயிற்றைக் கீழே வைத்தார். "எனக்காக நானா வரி கட்டினவரோ?"

"ஓம்."

"நான் திண்ட சாமான் மிஸ். என்ட பேரில போடுங்க." அடையாள அட்டையை எடுத்து நீட்டினார். அது தண்ணீர் படாமல் ஒரு பொலித்தீனில் இருந்தது.

"வேலை போனால் என்ன செய்வீங்கள்?"

"ஊரில வலை இழுப்பன். நானாட மகளுக்கு இது ரெண்டாந்தரம் கிடைக்குமோ?"

அட்டையில் இருந்த பெயரையும் இலக்கத்தையும் எழுதிக்கொண்டேன்.

கந்தோருக்கு வந்து கணினியைத் திறந்தேன். மூன்று பேருக்கும் மாற்றினேன், அது நடந்தது. ஐந்தாவது பெயரை அடித்தேன், இலக்கம் கேட்டது. இலக்கம் இல்லாத ஆளுக்கு அன்பளிப்பைப் பதிய அது விடவில்லை. நியாயம்தான், வேலைக்காகக் கொடுத்த அன்பளிப்பு என்றால் வேலை செய்கிறவர் ஒருவர் இருக்க வேண்டுமே. அந்த இடத்தில்தான் எனக்கு ஒரு வழி தெரிந்தது. கொழும்புக் கணக்காளருக்கு மின்னஞ்சல் எழுதினேன். நீட்டவில்லை. மார்கழி அன்பளிப்பில் என் பிழையால் ஐந்து வவுச்சர் ஒருவர் பெயரில் பதியப்பட்டிருக்கிறது, திருத்துகிறேன். ஐந்தாவதைப் பெற்றவர் இன்னார், ஒன்பது வருடம் லோஞ்சில் கயிறு பிடிக்கிறவர், இது வேலை வருமானம், பதிவதற்கு ஊழியர் இலக்கம் ஒன்றை இன்றைக்கே தரவும்.

அரை மணித்தியாலத்தில் போன் வந்தது. கணக்காளர் சிங்களத்தில் கேட்டார், யார் இந்த ஆள், பட்டியலில் இல்லையே. கோபம் வந்தால் எனக்குச் சிங்களம் நன்றாக வரும். பட்டியலில் இல்லாதவர் எங்கள் ஊழியர் இல்லையென்றால், மார்கழியில் ஊழியர் அன்பளிப்பு என்று செலவு எழுதி ரோட்டில் போன யாருக்குக் கொடுத்தோம் என்று கேட்டேன். வரி அலுவலகத்தில் இருந்து ஆள் வந்து வவுச்சர் எண்ணிக்கையையும் ஊழியர் எண்ணிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நான் என்ன பதில் சொல்வது என்றும் கேட்டேன். இலக்கம் கொடுத்தால் ஓய்வுகாலத்துக்கான சேமலாப நிதியும் கட்ட வேண்டி வருமே என்றார் அவர். ஓம் என்றேன். எத்தனை வருடம் என்றீர்கள் என்றார். ஒன்பது என்றேன். போனை வைத்துவிட்டார்.

நான் என் வேலையும் போகும் என்றுதான் நினைத்தேன். பின்னேரம் நாலு மணி தாண்டி மின்னஞ்சல் வந்தது. ஒரு வரி. ஊழியர் இலக்கம், மார்கழி மாதத்திலிருந்து. முந்திய ஒன்பது வருடத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அதற்கு நான் இன்னும் கடிதம் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன், விட மாட்டேன்.

வெள்ளி காலை நானா வந்தார். கடிதம் வாங்க அல்ல, என்னோடு சண்டை பிடிக்க. சத்தம் போடாத மனிதர் அன்றைக்குப் போட்டார்.

"அவனுக்குச் சொல்ல வேணாம் எண்டுதானே சொன்னன் மிஸ்? ராத்திரி என்ட வீட்ட வந்து, உம்மாவுக்கு முன்னால நிண்டு அழுறான். அவன்ட சோத்துல மண்ணப் போட்டுட்டீங்களே."

நான் மின்னஞ்சலை அச்செடுத்து அவர் கையில் கொடுத்தேன். இங்கிலீஷ் அவருக்கு அவ்வளவாக வராது, பெயரும் இலக்கமும் விளங்கும். வாசித்தார். திரும்ப வாசித்தார். கந்தோருக்கு வந்தால் ஒரு நாளும் இருக்காத மனிதர் கதிரையை இழுத்து இருந்தார்.

"மகள்ட காசு கிடைக்காட்டியும் பரவாயில்ல மிஸ்," என்றார். "இது போதும்."

"அதுவும் கிடைக்கும். பிடியுங்கோ கடிதத்தை, ஓடுங்கோ," என்று விரட்டினேன். ஜும்ஆத் தொழுகைக்கு முன்னால் ஜி.எஸ்.ஸிடம் கொடுத்துவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போனாராம். உதவித்தொகை கிடைத்துவிட்டது. மகள் இப்போது விடுதியில் இருந்து படிக்கிறாள்.

என் வேலை நாளில் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன், கெட்டிக்காரர், படித்தவர், வரியில் ஓட்டை தேடுகிறவர். அந்த இரண்டு பேரையும் போல ஆட்களை நான் பார்த்ததில்லை. ஒருவர் மற்றவருக்காகத் தன் பிள்ளையின் படிப்பைப் பணயம் வைக்கத் துணிந்தார், மற்றவர் அந்தப் பிள்ளைக்காகத் தன் சோற்றைப் பணயம் வைத்தார். இரண்டு பேரும் அதைப் பெரிய விஷயம் என்று நினைக்கவில்லை. நான் அவர்களை மதிக்கிறேன், வேறு என்ன சொல்ல.

மாசிச் சம்பளத்தோடு திருத்திய துண்டுகளைக் கொடுத்தேன். வரி வருடம் பங்குனியில்தான் முடிகிறது, அதற்குள் திருத்தியபடியால் நானாவுக்கு வெட்டிய காசு திரும்பப் போனது. கயிறுகாரர் தன்னுடைய முதல் சம்பளத் துண்டை வாங்க என் மேசைக்கு வந்தார். சேர்ட்டை மேல் பொத்தான் வரை பூட்டியிருந்தார். ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசித்தார், வவுச்சர் வரியில் நின்றார், பிறகு வரி என்ற இடத்தில் நின்றார். அங்கே சைபர் இருந்தது.

"இதில எனக்கு ஒண்டும் வெட்டேல்லயே மிஸ்?"

"உங்கட சம்பளத்துக்கு வரி வராது."

"நானாட்ட வெட்டினது?"

"அது அவருக்குத் திரும்பப் போட்டாச்சு."

அவர் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மற்றவர்கள் பின்னால் வரிசையில் நின்றார்கள், அவர் நகரவில்லை.

"எனக்காகக் கட்டினவர் மிஸ்," என்றார். "கொஞ்சமாவது என்ட பேரில வெட்ட ஏலாதோ?"

ஏலாது என்றேன். சட்டத்தில் இடம் இல்லை என்றேன். அடுத்த ஆளைக் கூப்பிட எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.